திரும்பி வராத செருப்புகள்

“இன்னைக்கு வரைக்கும் ஒரு ஜோடிகூட ரிட்டர்ன் வந்ததில்லைங்க. ஒண்ணே ஒண்ணுகூட!”

சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். வாசலில் எங்களைப் பார்த்தபோது ஆரம்பித்த சிரிப்பு, இன்னும் ஓயவில்லை. காரணமில்லாமல் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அப்போதே சிரிச்ச மூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டேன்.

நாங்கள் நின்றிருந்தது ஒரு செருப்புக் கடையின் கிடங்கில். கடை என்றால் தெருவில் போர்டு மாட்டிய கடை இல்லை. எல்லாம் ஆன்லைன். ‘நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கான செருப்பு’ என்று விளம்பரம் போட்டு, போனிலேயே ஆர்டர் வாங்கி, பெட்டியில் போட்டுக் கூரியரில் அனுப்புகிற வியாபாரம். கூரை வரை அலமாரி, அலமாரி நிறையப் பெட்டி, நடுவில் பேக்கிங் மேஜை. வெளியே கூரியர் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடையை வாங்கப் போகிறவர் என் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா. ஆஸ்பத்திரி வார்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். முதுகு இனிமேல் தாங்காது என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் கிடைத்த பணம் மொத்தமும் இன்று சாயங்காலம் சிரிச்ச மூஞ்சியின் கைக்குப் போகப் போகிறது. அது போனால் அவருக்கும் ஹாஸ்டலில் படிக்கும் மகளுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. அந்த மகள்தான் போனில் அழுது அடம்பிடித்து எங்களை வரவழைத்தாள். நர்ஸம்மாவுக்கு நாங்கள் வந்ததே பிடிக்கவில்லை.

“பாத்தாச்சுல்ல? லாபம் வருமா வராதா, அதைச் சொல்லிட்டுக் கிளம்புங்க” என்றார் நர்ஸம்மாவின் தம்பி. பேரத்தைப் பேசி முடித்தவர் இவர்தான். கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். “வண்டி வண்டியா சரக்கு போகுது, கண்ணு முன்னாடி தெரியுது. இதுக்குத் துப்பறியுற ஆளு எதுக்கு?”

என் முதலாளியம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொழில் வட்டாரத்தில் அவருக்கு ‘சந்தேகம்’ என்று பெயர். நேரில் மட்டும் எல்லோரும் மேடம் என்பார்கள். என்னை அவர் ‘வாய்’ என்று கூப்பிடுகிறார். சம்பளம் தருவதால் பொறுத்துக்கொள்கிறேன்.

மேடம் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவினார். மூடியைத் தடவினார். திறந்து, ஒரு செருப்பை எடுத்து, அதன் அடிப்பாகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“வாய், மோந்து பாரு.”

“மேடம், என் வேலையில இதுவும் சேர்த்தியா?”

“மோந்து பாருன்னேன்.”

பார்த்தேன். ரப்பர் வாசனையை எதிர்பார்த்த என் மூக்கில் வேறு ஏதோ ஏறியது. “சோப்பு வாசனை வருது மேடம்.”

“புதுச் செருப்பு எதுக்குக் குளிக்கணும்?” என்றார் மேடம், சிரிச்ச மூஞ்சியைப் பார்த்து.

“தூசி இருந்திருக்கும். பசங்க துடைச்சிருப்பாங்க” என்றார் அவர். பற்கள் அத்தனையும் தெரிந்தன.

“பெட்டி மேலயும் ஏதோ ஒட்டியிருந்ததைக் கிழிச்ச மாதிரி இருக்கே? காகிதம் உரிஞ்சு நிக்குது.”

“ஈரம் பட்டிருக்கும் மேடம்.”

“ஓஹோ. குளிச்ச ஈரமா?” என்றேன் நான். மேடம் என்னை முறைத்தார். ஆனால் பெட்டியைத் திருப்பி வைக்கவில்லை. “இந்த ஜோடியை நானே எடுத்துக்கறேன்” என்று சொல்லி விலையைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

“சாயங்காலம் கையெழுத்து, ஞாபகம் இருக்கட்டும்” என்று தம்பி பின்னாலிருந்து கத்தினார். “அக்கா, நீ இவங்க பேச்சைக் கேட்டு இழுத்தடிச்சே, இன்னொரு பார்ட்டி கொத்திக்கிட்டுப் போயிடும். அப்புறம் என்னைச் சொல்லாதே!”

காரை நான்தான் ஓட்டினேன். நர்ஸம்மா பின் சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“நல்லதைப் பாக்கவே தெரியாதா உங்களுக்கு? செருப்பை மோந்து பாக்குறதுதான் விசாரணையா? என் தம்பி அலைஞ்சு திரிஞ்சு ஒரு நல்ல வியாபாரத்தைப் பிடிச்சுக் கொடுத்திருக்கான். நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டு இறங்கலை. அவனுக்கே தெரியாம முதல்லயே ஒரு ஜோடி ஆர்டர் பண்ணிப் பாத்தேன்.”

“எப்படி இருந்தது?” என்றார் மேடம்.

“இறுக்கமா இருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்கலை. பணம் அப்படியே வந்துடுச்சு. இந்தக் காலத்துல எவன் அப்படித் தருவான்? அதுலதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.”

“வாய், வண்டியை ஓரம் கட்டு.”

நான் ஏற்கெனவே பிரேக்கில் காலை வைத்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரனில் ஏறி நின்றான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

“ஒரு ஜோடிகூட ரிட்டர்ன் வந்ததில்லைன்னு சொன்னாரே” என்றார் மேடம். “அப்போ நீங்க திருப்பி அனுப்பினது எங்க போச்சு?”

நர்ஸம்மா முதுகுத் தலையணையைச் சரிசெய்துகொண்டார். “அது… என் ஒருத்தியோடது. மறந்திருப்பார்.”

“செருப்பு விக்கிறவனுக்கு ரிட்டர்ன் மறக்காதும்மா. அது பல்வலி மாதிரி.” மேடம் முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்தார். “ஆன்லைன் கடையில போற பெட்டியை வெச்சு லாபம் பாக்கக் கூடாது. வர்ற பெட்டியை வெச்சுப் பாக்கணும். ஒரு ஜோடி வித்தா கையில நிக்கிறது ஒரு பங்குன்னு வெச்சுக்கோங்க. அதே ஜோடி திரும்பி வந்தா, போன கூலி, வந்த கூலி, கிழிஞ்ச பெட்டி, எல்லாம் சேர்ந்து ரெண்டு பங்கு நம்ம கையை விட்டுப் போகும். மூணு அனுப்பி ஒண்ணு திரும்பி வந்தாலே, ரெண்டு சம்பாதிச்சதை அந்த ஒண்ணு தின்னுடும். அதுக்கு மேல வந்தா?”

“சொந்தக் காசைப் போட்டு ஊருக்கெல்லாம் செருப்பு காட்டிட்டு இருக்கோம்னு அர்த்தம்” என்றேன் நான்.

“வாய் சொல்றதுல இன்னைக்கு அர்த்தம் இருக்கு. திருப்பி அனுப்பினப்போ ஒரு விலாசம் கொடுத்திருப்பாங்களே?”

நர்ஸம்மா போனைத் துழாவி எடுத்தார். செய்தி இருந்தது. விலாசம் கிடங்கின் விலாசம் இல்லை. ஊரின் மறுகோடியில் ஒரு லாண்டரிக் கடை, அதன் மாடி.

“என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு…”

“பாத்துட்டுச் சொல்லலாம்” என்றார் மேடம்.

லாண்டரியின் பக்கவாட்டில் குறுகலான படி, வெளிப்புறமாக மேலே ஏறியது. கீழே இஸ்திரிப் பெட்டியின் சூடு, மேலே இரும்புக் கதவு. நர்ஸம்மா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தார். மேடமும் நானும் முன்னால் போய்விட்டோம். அந்த ஏழெட்டுப் படி இடைவெளிதான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. அது மட்டும் இல்லையென்றால் உள்ளே இருந்தவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

கதவைத் தட்டி, கையில் இருந்த பெட்டியை உயர்த்திப் பிடித்து, “ரிட்டர்ன்!” என்று கத்தினேன்.

கதவு திறந்தது. “இன்னுமா? காலையிலதானே ஒரு மூட்டை கொட்டிட்டுப் போனீங்க! வெச்சுட்டுப் போங்க, எங்க வேணா வைங்க. என் தலைமேல வைங்க!”

திறந்தவர் ஒரு இளம் பெண். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். ஒரு கையில் ஈரத் துணி, இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு. அவர் தோளுக்கு மேலே நான் எட்டிப் பார்த்தேன். அறை முழுக்கச் செருப்புப் பெட்டிகள். ஜன்னலை மறைத்து அடுக்கியிருந்தார்கள். கட்டில் மேல், கட்டிலுக்குக் கீழ், சமையல் மேடையில்கூட. தரையில் சோப்புத் தண்ணீர் வாளி. துடைத்த செருப்புகள் ஒரு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

ஒன்றுகூடத் திரும்பி வராத கடையாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த வாளியை எட்டி உதைத்திருப்பேன். மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ரிட்டர்ன் ஏன் இவ்வளவு வருதுன்னு விசாரிக்க வந்திருக்கோம்மா” என்றார் மேடம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எதிராளி எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் பாடு.

“கூரியர் ஆபீஸா? நல்லா கேளுங்க! பத்து போனா அஞ்சு வருது. துடைச்சுத் துடைச்சு என் கையைப் பாருங்க, தோல் உரியுது. துடைச்சதைத் திரும்பப் புதுசுன்னு பெட்டியில போட்டு அனுப்பறாங்க. அதுலயும் பாதி திரும்பி வருது. சில செருப்பு என்னை மூணு தடவை பாத்திருக்கு. வீட்டு மனுஷங்களைவிட அதுங்கதான் எனக்குப் பழக்கம்.”

“சிரிச்சுக்கிட்டே இருப்பாரே, அவர் கடைதானே இது?” என்றார் மேடம் சாதாரணமாக.

“பேருதான் அவருது. போட்ட காசெல்லாம் எங்க வீட்டுக்காரரோடது. கட்டின நாள்லேர்ந்து சேர்த்தது மொத்தமும் இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு.” துணியை வாளியில் வீசினார். “போகட்டும், இன்னைக்குச் சாயங்காலத்தோட பீடை ஒழியுது. எங்க வீட்டுக்காரரோட அக்கா வாங்கிக்கறாங்க. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. பாவம், அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ‘நீ வாயை மூடு, அக்கா சமாளிச்சுக்கும்’னுட்டார்.”

என் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

அந்தப் பெண் என் தோளைத் தாண்டிப் பார்த்தார். கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

“அண்ணி…”

நர்ஸம்மா கடைசிப் படியில் கைப்பிடியைப் பற்றியபடி நின்றார். தன் தம்பி மனைவியைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். “கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போறேன்னு சொன்னியேம்மா” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் அன்று முழுக்கப் பேசவில்லை.

“அண்ணி, சத்தியமா நான்…”

“நீ சொல்லலை. அதை விடு.” உள்ளே வந்து, கட்டிலின் ஒரு மூலையில் பெட்டிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். போனை எடுத்தார். “டேய், மாடிக்கு வா. எந்த மாடின்னு உனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

நான் பேசாமல் இருந்தேன் என்றால் நிலைமையை நீங்களே புரிந்துகொள்ளலாம். கடைசியில் மேடம்தான் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபடி கேட்டார்.

“தையல் நல்லாருக்கு. அடிப்பாகமும் மெத்துன்னு இருக்கு. சரக்குல குறையில்லை. அப்புறம் ஏன் திரும்பி வருது?”

“எல்லாரும் ஒரே பாட்டு” என்றார் தம்பி மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இறுக்குது, இறுக்குது, இறுக்குது.”

“வாங்கறவங்களை எப்படி அளவு எடுக்கச் சொல்லியிருக்கீங்க?”

“அவர்தான் எழுதிப் போட்டார். காலையில எழுந்ததும் நாற்காலியில உக்காந்து, காலை ஒரு பேப்பர் மேல வெச்சு வரைஞ்சு அளக்கணும். என் காலைத்தான் முதல்ல அப்படி வரைஞ்சு பாத்தார்.”

நர்ஸம்மா நிமிர்ந்தார். சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“நாள் பூரா நிக்கிறவளுக்குச் செருப்பு! அளவு மட்டும் தூங்கி எழுந்து, உக்காந்துக்கிட்டா? ட்யூட்டி முடியறப்போ கால் எப்படி வீங்கியிருக்கும்னு அவனுக்குத் தெரியாது? எத்தனை நாள் என் காலுக்கு அவனே வெந்நீர் வெச்சுக் கொடுத்திருக்கான்! நின்ன கால் அகலும்டி. ஒரு நம்பர் பெரிசா வேணும். எடு, என்னோட நம்பருக்கு அடுத்தது எடு.”

தம்பி மனைவி தேடி எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மா போட்டுக்கொண்டு எழுந்தார். அறையில் இருந்த கொஞ்சம் இடத்தில் முன்னும் பின்னும் நடந்தார். முகம் மாறியது. அளவு கச்சிதம். அந்தச் செருப்பு உண்மையிலேயே நல்ல செருப்பு. அதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

“கேட்டுக்கோ” என்றார் தம்பி மனைவியிடம். “சாயங்காலம், வேலை முடிஞ்சு, நின்னுக்கிட்டு அளக்கணும்னு மாத்தி எழுது. இது நான் உனக்குச் சொல்றது. அவனுக்கு இல்லை.”

படியில் தடதடவென்று சத்தம். தம்பி வாசலில் வந்து நின்றார். விரலில் சாவி சுற்றவில்லை. எங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முதலில் வாயைத் திறந்தது மனைவியிடம்தான்.

“உன்னை யாருடி கதவைத் திறக்கச் சொன்னது?”

எனக்குத் தலைக்கு ஏறியது. “யோவ், மாட்டிக்கிட்ட பிறகும் உனக்குக் கதவுதான் பெரிசா? வெட்கமா இல்லை?”

“நீ யாருய்யா எங்க குடும்பத்துல…”

“அவரை விடு, அவளையும் விடு” என்றார் நர்ஸம்மா. “என்னைப் பாருடா.”

தம்பி பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “அக்கா, நான் முழுகிட்டேன். எல்லாம் இதுல முடங்கிப் போச்சு. நீ வாங்கினாத்தான் எனக்கு மூச்சு வரும். உன்னை ஏமாத்தணும்னு இல்லைக்கா. நீ எப்படியும் சமாளிச்சிடுவே. சின்ன வயசுலேர்ந்து நீதானே எல்லாத்தையும் சமாளிச்சே?”

“ஆமாடா. சமாளிச்சேன். உன் ஸ்கூல் பீஸ், உன் காலேஜ், உன் கல்யாணம், எல்லாம் நின்னே சமாளிச்சேன். அதனால இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு விட்டுட்டியா?” குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே கத்தினார். “முழுகிட்டேன், தூக்கிவிடுக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருக்கறதுல பாதியை அள்ளிக் கொடுத்திருப்பேன்டா, பாவி! என் பொண்ணு படிப்பை வித்து உன் குழியை மூடப் பாத்தியே!”

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி வாய்விட்டு அழுதார்.

மேடம் தொண்டையைச் செருமினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்பியதில்லை, கேட்டவர் எந்த நிலைமையில் இருந்தாலும் சரி.

“லாபம் வருமா வராதான்னு கேட்டீங்க. இன்னைக்கு இருக்கற நிலைமையில இந்தக் கடை நஷ்டம். பத்துக்கு அஞ்சு திரும்பி வந்தா எந்த ராஜாவாலயும் நடத்த முடியாது. அளவு சொல்றதைச் சரி பண்ணினா ரிட்டர்ன் குறையும். பத்துக்கு ஒண்ணோ ரெண்டோ ஆயிட்டா, இது லாபத்துல ஓடும். துடைச்சதைப் புதுசுன்னு விக்கிற வேலையையும் விட்டுடணும்.”

தம்பியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம். நான் இந்தத் தொழிலில் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிபட்ட இடத்திலேயே நின்று மறுபடி கையை நீட்டுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

“பாத்தியாக்கா! மேடமே சொல்லிட்டாங்க! லாபம் வருமாம்! அப்போ எதுக்கு இவ்வளவு கோபம்? செருப்பு கால்ல எப்படி உக்காந்திருக்கு பாரு. நல்ல செருப்புக்கா. பேப்பர் கார்லதான் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?”

நான் ஒரு அடி முன்னால் போனேன். மேடம் கையை நீட்டித் தடுத்தார்.

நர்ஸம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“நல்ல செருப்புதான்டா” என்றார். “போட்டா கழட்டவே மனசு வரலை. அதனாலதான் இன்னும் உன் மூஞ்சி நல்லா இருக்கு. கழட்டறதுக்குள்ள வழியை விடு.”

தம்பி வாசலை விட்டு நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.